வர்ஜீனியா வேலியோரம்: சிறு விமானங்களைப் பார்க்கவும் படம் எடுக்கவும் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் வடக்கே, கடலை ஒட்டி, எம்4 சாலைப் பக்கத்தில் இருக்கிறது வர்ஜீனியா விமானத்தளம். அமெரிக்க வர்ஜீனியாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முதல் தடவை கேட்கிற எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். சனிக்கிழமை ஆனால் காமிராப் பையோடு நான் காணாமல் போவது தமிழ் வகுப்பிலும் கோயிலிலும் எல்லாருக்கும் தெரியும். அங்கே என்னதான் இருக்கிறது என்று அவர்கள் கேட்டதையும், கூட வந்தவர்கள் வேலியோரம் நின்று கேட்டதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பெரிய விமான நிலையம் இருக்கிறதே, அதை விட்டுவிட்டு இந்தச் சின்னத் தளத்துக்கு ஏன் போக வேண்டும்?

கிங் ஷாகா நன்றாகத்தான் இருக்கிறது. 2010 மே 1 அன்று திறந்தார்கள், ஓடுபாதை மட்டும் 3,700 மீட்டர். பெரிய ஜெட் இறங்குவதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே நடப்பது என்ன? தூரத்தில் ஒரு புள்ளி தெரியும், புள்ளி பெரிதாகும், சர்ரென்று முன்னால் போகும், அவ்வளவுதான். படம் மங்கியிருந்தால் மங்கியதுதான். அதே விமானம் மறுபடி எப்போது வருமோ, அன்றைக்கு நீங்கள் அங்கே இருப்பீர்களோ இல்லையோ.

வர்ஜீனியாவில் பறக்கக் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏறி, நான்கு திருப்பம் திரும்பி, இறங்கி, சக்கரம் தரையைத் தொட்டதும் நிற்காமல் மறுபடி ஏறிவிடுவார்கள். இதைச் சர்க்யூட் என்பார்கள். ஒரு சுற்றுக்கு ஆறு நிமிஷம் போல ஆகும். இந்தத் தடவை படத்தில் வாலை வெட்டிவிட்டீர்களா? பரவாயில்லை, ஆறு நிமிஷத்தில் திரும்பி வரும். வெளிச்சம் போதவில்லையா? இன்னொரு ஆறு நிமிஷம். அந்தப் பிள்ளை இறங்கப் பழகுகிறது, நீங்கள் படம் எடுக்கப் பழகுகிறீர்கள். ஒரு மணி நேரத்தில் இருவருக்குமே கை கொஞ்சம் படிந்துவிடும். இந்த இரண்டாவது வாய்ப்புக்காகத்தான் நான் அங்கே போகிறேன்.

இந்தப் பைத்தியம் உங்களுக்கு எப்படிப் பிடித்தது?

நான் டர்பனின் தெற்கே மெரேபாங்க்கில் வளர்ந்தவன். பழைய டர்பன் விமான நிலையம், லூயி போதா என்று பெயர், 1951-இல் திறந்தது, எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. விமானம் தலைக்கு மேல் போகும்போது அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். ஆயா, அதாவது என் பாட்டி, கொடியில் துணி போட்டுக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமலே, “இது பெரிசு”, “இது சிறிசு” என்பார். அவர் சொன்னது தப்பியதில்லை. 2010-இல் அந்த நிலையத்தை மூடி எல்லாவற்றையும் வடக்கே கொண்டு போனார்கள். சத்தம் நின்றதில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் முதல் வாரம் தூக்கம் வரவில்லை.

வர்ஜீனியாவுக்கு நாங்கள் சின்ன வயதில் போனதே இல்லை. டர்பன் வடக்கு அப்போது வெள்ளையர் குடியிருப்புப் பகுதி, நிறவெறி ஆட்சியின் குழுப் பகுதிச் சட்டம் ஊரை இனவாரியாக அப்படிப் பிரித்து வைத்திருந்தது. ஊரின் இந்தப் பக்கத்தில் இவ்வளவு சின்ன விமானங்கள் பறக்கின்றன என்பதே எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரியும்.

எந்த நேரத்தில் போனால் நல்ல படம் கிடைக்கும்?

கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. சென்னையிலிருந்து வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்து ஏமாறுகிறவர்கள் நிறைய. அங்கே வருஷத்தில் பெரும்பகுதி நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். இங்கே எப்போதும் வடக்கே. ஜூன் மாதத்தில் உச்சிவேளையில்கூட டர்பனில் சூரியன் 37 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. அதனால் குளிர்காலத்தில் பகல் முழுக்க விமானத்தின் பக்கவாட்டில் நல்ல சாய்வெளிச்சம் விழும். டிசம்பரில் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் வந்துவிடும். இறக்கைக்குக் கீழே ஒரே கறுப்பு, மேலே ஒரே வெள்ளை. டிசம்பர் நடுப்பகலில் காமிராவை மூடி வைத்துவிட்டு ஏதாவது சாப்பிடலாம்.

ஓடுபாதை கரையோடு சேர்ந்து நீளவாக்கில் கிடக்கிறது. நிலப்பக்கம் நின்று கடலைப் பார்த்தால் காலையில் சூரியன் உங்கள் முகத்தில்தான் அடிக்கும். விமானம் நிழலுருவமாகத் தெரியும், அதுவும் ஒரு அழகுதான், ஆனால் விமானத்தின் மேலுள்ள எழுத்தைப் படிக்க முடியாது. மதியம் ஒரு மணி தாண்டினால் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் வந்துவிடும், அப்போது கடலின் நீலம் பின்னணியில் கிடைக்கும். ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் அஸ்தமனம், எனவே மூன்றரை மணிக்கு வந்து “வெளிச்சமே இல்லையே” என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

விமானம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காற்றைப் பாருங்கள். விமானம் எப்போதும் எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். டர்பனில் பெரும்பாலும் இரண்டே காற்று: நல்ல வெயில் நாளில் வடகிழக்கு, குளிர்முகம், அதாவது குளிர்காற்றுத் திரள், வரும்போது தென்மேற்கு. இரண்டும் கரையோடு சேர்ந்தே அடிக்கும், ஓடுபாதையும் அதற்கு ஏற்றாற்போல் போட்டதுதான். கம்பத்தில் கட்டியிருக்கும் துணிக்கூம்பு எந்தப் பக்கம் பறக்கிறதோ, அந்தப் பக்கமிருந்துதான் இறங்குகிற விமானம் வரும்.

தென்மேற்குக் காற்று அடித்து, மழை கொட்டி, மறுநாள் வெளுத்த வானத்தை விட்டுவிடாதீர்கள். தூசியும் உப்பு மூட்டமும் கழுவிப் போயிருக்கும். வருஷத்தில் என் நல்ல படங்களில் பாதி அந்த மாதிரி நாட்களில் எடுத்தவை.

ஓடுபாதை எண் 05, 23 என்கிறார்களே. ஆனால் வரைபடத்தில் பார்த்தால் அந்தக் கோணம் இல்லையே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். 05 என்றால் திசைகாட்டியில் ஏறத்தாழ 50 பாகை, மறுமுனை 230, கடைசிச் சுழியை விட்டுவிடுவார்கள். ஆனால் இது காந்த வடக்கை வைத்துச் சொல்வது. டர்பனில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து ஏறத்தாழ 25 பாகை மேற்கே ஒதுங்கி நிற்கிறது. தமிழ்நாட்டில் இந்த வித்தியாசம் ஒன்றிரண்டு பாகைதான் வரும். அந்த 25-ஐக் கழித்தால் வரைபடத்தில் நீங்கள் பார்த்த கோணம் வந்துவிடும்.

அங்கே என்னென்ன விமானம் வரும்? எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

முதலில் இறக்கையைப் பாருங்கள். உடம்புக்கு மேலே இறக்கை, கீழே தாங்கு கம்பி, மூன்று சக்கரம் என்றால் அநேகமாகச் செஸ்னா. அதிலும் 172 தான் அதிகம். 1955-இல் முதலில் பறந்தது, இதுவரை 44,000-க்கு மேல் கட்டியிருக்கிறார்கள், உலகத்தில் வேறெந்த விமானமும் இத்தனை கட்டப்பட்டதில்லை. இறக்கை கீழே இருந்து, ஏறுவதற்கு ஒரே ஒரு பக்கம்தான் கதவு இருந்தால் பைப்பர் செரோக்கி குடும்பம். வால் ‘வி’ எழுத்து மாதிரி பிரிந்திருந்தால் பீச்கிராஃப்ட் பொனான்ஸா. அது வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள், அடிக்கடி வராது.

நம் நாட்டுத் தயாரிப்பையும் கவனியுங்கள். ஸ்லிங் என்ற சின்ன விமானம் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்தில் கட்டப்படுகிறது. 2009-இல் ஒரு ஸ்லிங் உலகத்தையே சுற்றி வந்தது. கூர்மையான மூக்கு, கீழ் இறக்கை, மேலே கண்ணாடிக் கூடு.

பக்கவாட்டில் எழுதியிருக்கும் எழுத்துகளும் உதவும். இசட்-எஸ் என்று தொடங்கினால் தென்னாப்பிரிக்காவில் பதிவான, முறையாகச் சான்று பெற்ற ரகம். இசட்-யு என்றால் வீட்டில் கட்டியது, பாகங்களைப் பெட்டியாக வாங்கிக் கோத்தது, மைக்ரோலைட் என்கிற மிக இலேசான விமானம் போன்றவை. சின்ன நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். முதலில் கேலியாக இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு விமானம் புது வண்ணத்தில் வரும்போது பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பீர்கள், தெருவில் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருக்கும்.

ஆயாவைப் போலச் சத்தத்தில் கண்டுபிடிப்பதும் முடியாத காரியமில்லை. நாலு சிலிண்டர் பிஸ்டன் இன்ஜின் தையல் இயந்திரம் மாதிரி கடகடக்கும், டர்பைன் விசிலடிக்கும்.

கைபேசிச் செயலியில் எல்லா விமானமும் தெரியுமே, அது போதாதா?

பெரிய விமானங்களுக்குச் சரி. சின்னவற்றில் பலவற்றில் இடம் சொல்லும் கருவி கிடையாது, அதனால் செயலியில் வராது. வானத்தைப் பாருங்கள்.

எந்தக் காமிரா வாங்க வேண்டும்?

இருக்கிற காமிராவே போதும். 70-300 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, இங்கே தாராளமாகப் போதும், ஏனென்றால் விமானம் அவ்வளவு பக்கத்தில் வரும். 600 மில்லிமீட்டர் பீரங்கியோடு வருகிறவர்களைப் பார்த்து மலைக்காதீர்கள். நண்பகல் வெக்கையில் ஓடுபாதைக்கு மேல் காற்று அலையடிக்கும்போது அவர்கள் படமும் நம் படமும் ஒன்றுதான், இரண்டும் தண்ணீருக்குள் எடுத்த மாதிரி இருக்கும்.

கைபேசியிலும் எடுக்கலாம். ஆனால் கைபேசி படத்தை வரிவரியாகப் படிக்கிறது, ஒரே கணத்தில் முழுதாக அல்ல. அதற்குள் விசிறி சுற்றிவிடுவதால் ப்ரொப்பெல்லர் வாழைப்பழம் மாதிரி வளைந்து, சில சமயம் மூக்கை விட்டுக் கழன்று தனியே நிற்கும். விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்பட வேண்டாம்.

கடற்காற்றில் உப்பு இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரமான துணியால் லென்ஸின் உடம்பைத் துடையுங்கள். என் முதல் லென்ஸின் வளையம் நறநறக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இந்தப் புத்தி வந்தது.

என் படத்தில் ப்ரொப்பெல்லர் அசையாமல் நிற்கிறது. எங்கே தப்பு?

ஷட்டர் வேகம். எல்லாருக்கும் நடப்பதுதான். நான் முதன்முதலாக ஒரு விமானக் கண்காட்சிக்குப் போன நாள் முழுக்க, அசைவு வரக்கூடாதே என்று 1/2000 விநாடியில் வைத்து எடுத்தேன். 600 படம். எல்லாம் கூர்மை. எல்லாவற்றிலும் விசிறி நின்றுபோய், கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி. வீட்டில் காட்டினேன். “எல்லா பிளேனும் ரிப்பேரா?” என்று கேட்டாள் என் மனைவி.

கணக்கைப் பாருங்கள். இன்ஜின் நிமிஷத்துக்கு 2,400 சுற்று சுற்றினால் ஒரு விநாடிக்கு 40 சுற்று. 1/1000 விநாடியில் விசிறி 14 பாகைதான் நகரும், கண்ணுக்கு நின்ற மாதிரியே இருக்கும். 1/125-இல் 115 பாகை நகரும், அப்போது அழகான மங்கல் வந்துவிடும். 1/80-க்குப் போனால் அரைச் சுற்று, இரண்டு இதழ் விசிறி என்றால் முழு வட்டமும் நிறைந்துவிடும். இறங்கும்போது இன்ஜினைத் தணித்துவிடுவார்கள், சுற்று குறையும், அதனால் இறங்குகிற விமானத்துக்கு இன்னும் மெதுவான ஷட்டர் வேண்டும்.

ஆனால் மெதுவாக வைத்தால் விமானமே மங்கிவிடாதா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. காமிராவை விமானத்தோடு சேர்த்துத் திருப்ப வேண்டும். காலைச் சற்று அகட்டி, விமானம் உங்களுக்கு நேராக வரும் இடத்தைப் பார்த்துப் பாதத்தை ஊன்றுங்கள். அப்புறம் இடுப்புக்கு மேலே மட்டும் அது வருகிற பக்கம் திரும்பி, அங்கிருந்து சேர்ந்து வாருங்கள். அழுத்திய பிறகும் நிறுத்தாமல் திரும்பிக்கொண்டே இருங்கள். அம்மியில் அரைக்கிற மாதிரி, கை ஓட்டம் நடுவில் அறுபடக்கூடாது. செஸ்னா இறங்கும்போது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம்தான், நெடுஞ்சாலையில் போகிற கார் மாதிரி. எம்4 ஓரம் நின்று கார்களை வைத்துப் பழகிவிட்டே நான் தளத்துக்குப் போனேன்.

பத்துக்கு எட்டு வீண் ஆகும். அடுத்த சுற்று ஆறு நிமிஷத்தில்.

ஹெலிகாப்டருக்கும் இதே கணக்கா?

இல்லை, இன்னும் மெதுவாக. ராபின்சன் ஆர்44-இன் மேல் விசிறி நிமிஷத்துக்கு ஏறத்தாழ 400 சுற்றுதான். 1/125-இல்கூட 19 பாகைதான் நகரும். 1/60, கை நடுங்காவிட்டால் 1/40. கையை நம்பாதவர்கள் ஹெலிகாப்டர் அந்தரத்தில் அசையாமல் நிற்கிற நேரத்துக்குக் காத்திருங்கள்.

படம் எடுக்க அனுமதி வேண்டுமா? யாராவது பிடித்துக்கொண்டு போவார்களா?

இந்தப் பயம் நம் தலைமுறைக்கு இருப்பது நியாயம். 1980-இல் தேசிய முக்கிய இடங்கள் சட்டம் என்று ஒன்று வந்தது. எது முக்கிய இடம் என்பதே ரகசியமாக இருந்த காலம் அது. காமிராவோடு நின்றாலே கேள்வி வரும். அதற்குப் பதிலாக 2019-இல் வேறு சட்டம் இயற்றினார்கள். என் பழக்கம் இதுதான்: வேலிக்கு வெளியே நிற்பேன், வாசல் காவலரிடம் முதலில் வணக்கம் சொல்லி எதற்கு வந்தேன் என்று சொல்லிவிடுவேன், உள்ளே வா என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் உள்ளே போவேன். ஓடுபாதைப் பக்கம் கால் வைக்கவே கூடாது. ஒளிந்து நின்று எடுக்கிறவனுக்குத்தான் தொந்தரவு.

காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தனியாக அலைவதும் புத்தியில்லை. இரண்டு மூன்று பேராகப் போங்கள், பையைக் காரின் பின்பெட்டியில் வையுங்கள், மஞ்சள் சட்டை போட்ட கார் காவலருக்குத் திரும்பும்போது பத்து ராண்ட் கொடுங்கள்.

டிரோன்?

வேண்டாம். விமானத்தளத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பறக்கவிடக் கூடாது என்பது இங்கே விதி. வட்டம் போட்டுப் பார்த்தால் மோசஸ் மபிடா மைதானமும் உம்ஹ்லாங்கா கலங்கரை விளக்கமும்கூட உள்ளே வந்துவிடும்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கட்டாயம் கூட்டிப் போங்கள். காதுக்குப் பஞ்சு, தலைக்குத் தொப்பி. சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். அந்தப் பக்கம் முழுக்கக் குரங்குகள். கறுத்த முகம், சாம்பல் உடம்பு, பயமே கிடையாது. ஒரு தடவை புரட்டாசியில் போனோம். விரதமாகையால் எல்லாருக்கும் பீன்ஸ் பன்னி (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு), கூடவே உருளைக்கிழங்கு சமோசா. நான் கண்ணைக் காமிராவில் வைத்திருந்த அரை நிமிஷத்தில் காரின் மேல் வைத்த சமோசாப் பொட்டலம் காலி. மரத்தில் உட்கார்ந்து ஒரு குட்டி, ஓரத்தைக் கடித்துத் துப்பிவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் தின்றுகொண்டிருந்தது. அந்தப் படம்தான் அன்றைக்கு எடுத்ததிலேயே நல்ல படம். பேரன் இன்னமும் என்னிடம் விமானப் படம் கேட்பதில்லை, “தாத்தா, குரங்குப் படம் காட்டுங்க” என்கிறான்.

விமானமே வராத நேரத்தில் என்ன செய்வீர்கள்?

காத்திருப்பேன். பறவை பார்ப்பேன். கோடையில் ஐரோப்பாவிலிருந்து தகைவிலான் குருவிகள் வரும். கிங் ஷாகா பக்கத்தில் மவுண்ட் மோர்லாண்ட் நாணல் காட்டில் அவை லட்சக்கணக்கில் வந்து அடைவதால், நிலையம் கட்டும்போது பெரிய சர்ச்சை எழுந்து, குருவிக் கூட்டத்தைக் கவனிக்கவே ரேடார் வைத்தார்கள். சும்மா நிற்கத் தெரியாதவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு சரிப்படாது.

விமானிகள் எரிச்சல்படுவார்களா?

நேர்மாறு. யாராவது பார்க்கிறார்கள் என்றால் அவர்களுக்குச் சந்தோஷம். நல்ல படம் ஒன்றை அனுப்பி வைத்தால் அடுத்த வாரம் தேநீர் உங்களுக்கு. அப்படி ஒருவர் ஒரு நாள் பறப்பதற்கு முன் என்ன செய்வார் என்று எனக்குக் காட்டினார். இறக்கையின் அடியில் ஒரு சின்னக் குழாயை அழுத்தி, கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். வெளிர் நீலம். அந்த ரகத்துக்கென்றே நீலச் சாயம் கலந்திருப்பார்களாம். நீலத்துக்குக் கீழே நிறமில்லாத முத்து மாதிரி ஏதாவது உருண்டால் அது தண்ணீர், பறக்கக் கூடாது. அப்புறம் இறக்கையின் முன்விளிம்பை முனையிலிருந்து முனை வரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார், மாட்டுச் சந்தையில் மாட்டைத் தடவுகிற மாதிரி. உப்பு பட்டு எங்காவது பொரிந்திருக்கிறதா என்று பார்க்கிறாராம்.

ஒரே ஒரு வேண்டுகோள். யாராவது மோசமாக இறங்கித் துள்ளினால் அந்தப் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். கற்றுக்கொள்கிற பிள்ளை அது.

இத்தனை வருஷத்தில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த படம் எது?

அதில் விமானமே இல்லை.

இங்கே 16 வயது ஆனால் தனியாகப் பறக்கவிடுவார்கள், உரிமம் 17-இல், குறைந்தது 45 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒரு ஜூலை மாதப் பிற்பகல், என் பக்கத்தில் ஒரு அம்மாள் நின்றிருந்தார். சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்திருக்கிறார், நெற்றியில் பெரிய பொட்டு, கையில் மகளின் ஜாக்கெட். ஒரு செஸ்னா மூன்று சுற்று சுற்றி இறங்கி, ஓரமாக நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் இறங்கிக் கதவைச் சாத்தினார், இரண்டு தடவை தட்டிவிட்டுப் புல்லில் நடந்து வந்தார்.

“அவர் ஏன் இறங்கிட்டார் அண்ணா? ஏதாவது கோளாறா?”

“கோளாறு இல்லைம்மா. இனி அது தனியா போகும்.”

அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. ஜாக்கெட்டைச் சுருட்டி மார்போடு வைத்துக்கொண்டார். ஒரு ஆள் எடை குறைந்துவிட்டதால் விமானம் வழக்கத்தைவிடச் சீக்கிரமே தரையை விட்டு எழும்பியது. நான் அதைத் தொடர்ந்து காமிராவைத் திருப்பியிருக்க வேண்டும். ஆனால் பயிற்சியாளர் கண்ணில் பட்டார். தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, உதடு ஏதோ முணுமுணுக்க வானத்தைப் பார்த்து நின்றார். ஆறு நிமிஷமும் அவர் உட்காரவில்லை. அவருக்கு முன்னால், படத்தின் ஓரத்தில், வேலிக்கு இந்தப் பக்கம், குவியம் தப்பி மங்கலாக, அந்த அம்மாளின் சிவப்புச் சேலை. 1/250, எஃப் 5.6.

பெண் இறங்கினாள், ஒரே ஒரு சின்னத் துள்ளல். கதவைத் திறந்து காலைக் கீழே வைத்ததும் கூட்டாளிகள் ஒரு வாளித் தண்ணீரை அவள் தலையில் கொட்டினார்கள். முதல் தனிப்பறப்புக்கு அதுதான் வழக்கம். ஜூலைக் குளிரில் நடுங்கிக்கொண்டே வேலிக்கு ஓடிவந்து, “அம்மா, ஜாக்கெட்!” என்றாள்.